பழி போர்ஷே மீது மட்டுமா?

2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு அதே ஏப்ரலில் இன்னொருவர். நான்கு பேரும் ‘டார்கா டாஸ்மேனியா’ என்ற தார்ச்சாலை ராலியில் ஓடியவர்கள். கார் ஓட்டிச் சம்பாதித்தவர்கள் அல்ல, சொந்தக் காசைப் போட்டு ஆசைக்கு ஓட வந்தவர்கள். 2022 சாவுக்குப் பிறகு மோட்டார்ஸ்போர்ட் ஆஸ்திரேலியா அமைப்பு தார்ச்சாலை ராலிகளை நிறுத்திவைத்தது. 1992-இல் தொடங்கிய டார்கா 2023-இல் நடக்கவில்லை.

மக்கள் மனதில் தீர்ப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. பணம் இருக்கிறது, கராஜில் போர்ஷே நிற்கிறது, கைப்பழக்கம் மட்டும் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் 500 ஹெச்.பி. வண்டியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? தொழில்முறை டிரைவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேகமான கார்களை வெளியே தள்ளுங்கள் என்பது பரவலான கருத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் தேறுவதில்லை.

நம் பக்கத்து ராலி என்றதும் சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களுக்குள் புழுதி கிளப்பும் மண்பாதைதான் நினைவுக்கு வரும். தார்ச்சாலை ராலி வேறு ரகம். ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் சாலையைச் சில மணி நேரம் அடைத்துவிட்டு, கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். இப்படி அடைத்த ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ‘ஸ்டேஜ்’ என்று பெயர். கடிகாரம்தான் எதிராளி. சாலையின் ஓரத்தில் என்னென்ன உண்டோ, மரம், மின்கம்பம், பாறை, ஓடை, எல்லாம் அங்கேயே இருக்கும்.

அமெச்சூர்களால்தான் சாவு என்பது முதல் வாதம். பீட்டர் பிராக் அமெச்சூரா? பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை ஒன்பது முறை வென்று ‘மலையின் ராஜா’ என்று பெயர் வாங்கியவர் அவர். 2006 செப்டம்பர் 8 அன்று பெர்த் அருகே டார்கா வெஸ்ட் ராலியில் அவர் ஓட்டிய டேடோனா கூப்பே நகல் கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. அவர் அங்கேயே இறந்தார், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன கோ-டிரைவர் பிழைத்தார். கோர்சிகா தீவின் தார்ச்சாலைகளில் 1985 மே 2 அன்று அட்டிலியோ பெட்டேகா மரத்தில் மோதி இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, அதே மே 2, அதே ராலி, முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்த ஹென்றி டோய்வோனனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் பள்ளத்தில் விழுந்து எரிந்த காரில் மாண்டார்கள். 2023 ஏப்ரலில் குரோவேஷிய ராலிக்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் இறந்த கிரெய்க் பிரீன், ஹூண்டாய் அணிக்காக ஓட்டியவர்.

இந்த வாதத்துக்குள் அடங்காத மனிதர்களும் உண்டு. அயர்லாந்தின் டோனிகால் சர்வதேச ராலியை 2016, 2017, 2018 என மூன்று ஆண்டு வரிசையாக வென்ற மேனஸ் கெல்லி சொந்தத் தொழில் நடத்தியவர். 2019 மேயில் கவுன்சிலராகத் தேர்வானார், அடுத்த மாதம் அதே ராலியில் இறந்தார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பிரபலங்களின் பெயரை அடுக்கி எதையும் நிரூபித்துவிடலாம் என்று யாராவது மடக்கினால், அதிலும் நியாயம் உண்டு. அப்படியானால் டார்காவின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். பாதர்ஸ்ட் புகழ் ஜிம் ரிச்சர்ட்ஸ் எட்டு முறை வென்ற போட்டிதான் அது. ஆனால் அவரைப் போன்றவர்கள் ஒரு கைப்பிடி. மற்றபடி டாக்டர், வியாபாரி, ஓய்வு பெற்றவர் என்று வந்து நின்ற கூட்டம்தான் பெரும்பகுதி. அந்தக் கூட்டத்தோடுதான் டார்கா இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. போட்டியாளர் ஒருவர் முதன்முதலாக உயிரிழந்தது 2013-இல். அமெச்சூர்தனமே காரணம் என்றால் அது இருபது வருஷம் எங்கே ஒளிந்திருந்தது?

அடுத்தது ஹெச்.பி. வாதம். 2021-இல் இருவர் இறந்த கார் போர்ஷே 911 ஜிடி3 வகை, 500 ஹெச்.பி.யைத் தொடும் வண்டி, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள் பலி வாங்கியது 1979 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. ஆலையிலிருந்து வந்தபோது அதன் சக்தி நூற்றுச் சொச்சம். போட்டிக்காக எவ்வளவு கூட்டியிருந்தாலும் ‘சூப்பர் கார்’ என்ற வசவு அதற்குப் பொருந்தாது. 2022-இல் விபத்துக்குள்ளானது லோட்டஸ் எக்ஸீஜ், சக்தியைவிட எடைக் குறைவுக்குப் பெயர்போன சின்னக் கார்.

வேகமான கார்களை வெளியே தள்ளும் வைத்தியத்தை உலகம் ஒருமுறை செய்தும் பார்த்திருக்கிறது. டோய்வோனன் சாவுக்குப் பிறகு 500 ஹெச்.பி.யை நெருங்கிய குரூப் பி கார்கள் 1987 முதல் உலகப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. பதிலுக்கு வந்த குரூப் ஏ கார்களுக்கு 300 ஹெச்.பி. அளவுகோல். டயரும் சஸ்பென்ஷனும் தேறத்தேற, சில ஆண்டுகளிலேயே அவை பழைய கார்களின் ஸ்டேஜ் நேரங்களை நெருங்கிவந்தன.

காரணம் பள்ளிக்கூட பௌதிகம்தான். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. மண்பாதையில் அதை மணிக்கு 60 கி.மீ.க்குக் கீழேதான் எடுக்க முடியும். நல்ல தாரில் சாதாரண டயரோடு சுமார் 80. ரேஸ் டயருக்குப் பக்கத்தில் வரும் மென்மையான ரப்பரைப் போட்டால் 90-ஐத் தாண்டலாம். 80-க்கும் 91-க்கும் பெரிய வித்தியாசமா என்று தோன்றும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அது கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிகம். மண்பாதையோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கில் எஞ்சின் வரவே இல்லை கவனியுங்கள். வளைவுக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறோம் என்பதைத்தான் எஞ்சின் முடிவு செய்கிறது, பிரேக் போட மறந்தவனுக்கு அது எமன்தான். ஆனால் வளைவின் நடுவே காரைப் பிடித்து வைத்திருப்பது டயர். அந்தப் பிடி விட்டுப்போகும்போது கார் எவ்வளவு வேகத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

காருக்குள் பொருத்தும் இரும்புக் கூடான ரோல் கேஜ், ஆறு முனை பெல்ட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி எல்லாம் முறையாக இருந்தால் போதும் என்பவர்களும் உண்டு. இவை இல்லாமல் ஓடவே கூடாது. ஆனால் 2011 பிப்ரவரியில் ஃபார்முலா 1 டிரைவர் ராபர்ட் குபிட்சா இத்தாலியில் ஒரு சிறிய ராலியில் ஓடியபோது, சாலையோரத் தடுப்புக் கம்பி அவருடைய ஸ்கோடா காருக்குள்ளேயே பாய்ந்தது. வலது கை சிதைந்தது. 2012-இல் சிசிலியில், டாஸ்மேனியப் போட்டிக்குப் பெயர் தந்த அதே டார்கா ஃப்ளோரியோவின் இன்றைய ராலியில், பிரீனின் கோ-டிரைவராக இருந்த கேரத் ராபர்ட்ஸ் இதேபோலத் தடுப்புக் கம்பி உள்ளே துளைத்து இறந்தார். கேஜ் உடையவில்லை, கேஜின் இடைவெளி வழியே இரும்பு வந்தது. சாதாரண ஜனங்கள் பள்ளத்தில் விழாமல் இருக்கப் போட்ட கம்பி அது.

கடைசியாகச் சொல்வது, ஆசை இருந்தால் ரேஸ் டிராக்குக்குப் போகட்டும் என்பது. இருப்பதிலேயே நேர்மையான யோசனை இதுதான், ஆனால் முதல் இரண்டு வாதங்களுக்கும் இதுவே வேட்டு வைக்கிறது. அதே டாக்டர், அதே வியாபாரி, அதே ஜிடி3, வார இறுதியில் டிராக்கில் ஓடுகிறார்கள். தடம் மாறிப் புல்லில் புரள்கிறார்கள், சரளைக் குழியில் சிக்கி டிராக்டரால் இழுக்கப்படுகிறார்கள், மாலை வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆளும் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. வளைவுக்கு வெளியே காலி இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அமெச்சூருக்குக் குறையே இல்லை என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. குறை எங்கே என்று பார்க்க வேண்டும். கோ-டிரைவர் படிக்கும் பேஸ் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘இடது நாலு, இறுகும், நூறு, மேட்டுக்கு மேல் வலது ஆறு.’ நாலு, ஆறு என்பவை வளைவின் இறுக்கம். எண் கூடக் கூட வளைவு நேராகிறது. நூறு என்பது மீட்டர் தூரம். அந்த ‘இறுகும்’ என்ற ஒரு சொல் விட்டுப்போனால், நாலு என்று நம்பி நுழைந்தவர் மூன்றாகவோ இரண்டாகவோ குறுகும் வளைவுக்குள் மாட்டிக்கொள்வார். சாலையை முன்கூட்டி ஓட்டிப் பார்த்து இதை எழுதுவதுதான் ரெக்கி. தொழில்முறை அணிக்கு அதுதான் வேலை. ஆஸ்பத்திரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவருக்கு அதற்கு எத்தனை நாள் கிடைக்கும்? விலைக்கு வாங்கிய நோட்டை வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட முழுதாகப் பார்க்காத மலைச்சாலையில் அவர் இறங்கலாம். அமைப்பாளர்கள் அனுமதித்தால்தான் அது நடக்கும்.

ஆகவே கேட்க வேண்டியதை அமைப்பாளர்களிடம்தான் கேட்க வேண்டும். ரெக்கியைக் கட்டாயமாக்கலாம், அதற்குப் போதிய நாள் ஒதுக்கலாம். எல்லோருக்கும் ஒரே கடினமான டயர் என்று விதித்தால் வளைவு வேகம் தானாக இறங்கும், 911-க்கும் ஆர்எக்ஸ்-7-க்கும் சேர்த்தே. வேகம் ஏறும் இடங்களில் உலக ராலிகளில் செய்வதுபோல வைக்கோல் கட்டுகளை அடுக்கி, காரை வளைந்து மெதுவாகப் போகவைக்கும் சிகேன் வைக்கலாம். மரம் நெருங்கி நிற்கும் ஸ்டேஜ்கள் பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும் வரைபடத்திலிருந்து நீக்கலாம். இதில் டிரைவரின் வங்கிக் கணக்கையோ காரின் விலையையோ விசாரிக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை.