எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?

நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை வானொலியில் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. மூன்று வருடம். "அந்த நேரத்துல யாரும்மா கேப்பாங்க?" என்று வீட்டில் கேலி செய்வார்கள். கேட்டார்கள். லாரி ஓட்டுநர்கள், தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கும் அக்காமார்கள், தாதியர், ஜாகா வேலை பார்க்கும் அண்ணன்மார்கள்.

அவர்களில் ஓர் அண்ணன் வாரம் தவறாமல் அழைப்பார். ஒரு பழைய பாட்டு கேட்பார், இரண்டு வார்த்தை பேசுவார், வைத்துவிடுவார். திடீரென்று மூன்று வாரமாகக் குரலே இல்லை. பிறகு ஒரு நாள் வந்தார். "ஆஸ்பத்திரியில இருந்தேன் தங்கச்சி" என்றார்.

நடந்தது இதுதான். அவருக்கு இனிப்பு நீர். காலை 7 மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர், மாத்திரையைப் போட்டுக்கொண்டு, களைப்பில் சாப்பிடாமலே படுத்துவிட்டார். 11 மணிக்கு மனைவி எழுப்பியபோது உடம்பெல்லாம் வியர்வை; கூப்பிட்டால் பதில் இல்லை. இரத்தத்தில் சர்க்கரை அளவு அதல பாதாளத்துக்குப் போயிருந்தது.

"மருந்து சரியாத்தான் சாப்பிட்டேன் தங்கச்சி. பாக்கெட்ல பாகி, மாலாம்னு போட்டிருக்கு. ஆனா நைட் வேலை செய்றவனுக்கு எது பாகி, எது மாலாம்?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இது வெறும் பேச்சு வழக்கு அல்ல. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தலைமைக் கடிகாரம் மூளையில் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரம் பார்க்கும். கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றின் நேரத்தை நாம் சாப்பிடும் வேளையும் மாற்றும்.

இரவு 2 மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் உள்ளே போனால் என்ன ஆகும்? மூளை, "இது தூங்கும் நேரம்" என்கிறது. வயிறு, "இல்லை, வேலை வந்திருக்கிறது" என்கிறது. இரவில் இன்சுலின் பகலைப் போல் சுறுசுறுப்பாக வேலை செய்வதில்லை. அதே ரொட்டி, அதே தே, ஆனால் சர்க்கரை கூடுதலாக ஏறும். இறங்கவும் நேரம் எடுக்கும்.

2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரை ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் என்னும் சுரப்பு குறைந்தது. சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறியது. சில நாள்களிலேயே சிலருடைய அளவுகள் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருப்பவர்களுடையதைப் போல் ஆகிவிட்டன.

இதைப் படித்தபோது எனக்கு என் நினைவுதான் வந்தது. அந்த மூன்று வருடத்தில் 11 கிலோ ஏறினேன். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாமாக் கடையில் இரவு 2 மணிக்கு உட்கார்ந்ததில் என் தவறும் உண்டுதான். ஆனால் முழுத் தவறும் என்னுடையது அல்ல என்று தெரிந்துகொள்ள இத்தனை காலம் ஆனது.

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். கிளினிக்கில், "என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்வி நிச்சயம் வரும். "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்குத் தூங்குனீங்க?" என்ற கேள்வி வராமலே போகலாம். வராவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.

நோன்பு மாதத்துக்கு முன்பு, நீரிழிவு உள்ள முஸ்லிம் நண்பர்கள் மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொள்கிறார்கள். ஒரு மாதத்துக்கு முடிகிறது என்றால், வருடம் முழுக்க இரவு வேலை பார்ப்பவருக்கும் முடியும். கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், விடுமுறை நாளில் இவை எப்படி மாறுகின்றன என்பது. மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இரவு வேலையில் முடிந்தவரை கனமான சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள். நடு இரவில் பசித்தால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இனிப்புப் பானம் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு மட்டும். மருந்து எடுப்பவருக்குக் கை நடுக்கம், வியர்வை, தலை சுற்றல் வந்தால், அது சர்க்கரை இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது உடனே சீனி கலந்த தண்ணீரோ இனிப்புப் பானமோ குடிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

அந்த அண்ணன் தன் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொன்னார். மாத்திரையும் மாறியது, நேரமும் மாறியது. என் கடைசி இரவு நிகழ்ச்சிக்கும் அழைத்தார். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"ஆறரைக்கே சாப்பிட்டுட்டேன் தங்கச்சி. நீ?"

நான் பதில் சொல்லாமல் பாட்டைப் போட்டுவிட்டேன்.