போடி மாணவர்களே விமானம் செய்யட்டும்!

குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ந்தேதி பற்றிய தீயை மறக்க முடியுமா? மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். யார் எந்தச் சரிவில் கிடக்கிறார்கள் என்று தெரியாமல், ஊர்க்காரர்கள் இருட்டில் தேடி அலைந்தார்கள்.

அதே ஆண்டு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழு ஆஸ்திரேலியாவில் 2-ம் பரிசு வாங்கியது. ஆளில்லா விமானம் தானே பறந்து போய், தூரத்து நோயாளியின் ரத்த மாதிரியைக் கொண்டுவர வேண்டும். அதுதான் போட்டி. ஆலோசகராக இருந்த நடிகர் அஜித் பேர்தான் ஊரெல்லாம் அடிபட்டது. மோட்டார் பூட்டிய பையன்களை யார் கேட்டார்கள்?

அந்த வேலை நம்ம மலைக்கல்லவா வேண்டும்! போடியில் 2012 முதல் அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. அண்ணாந்தால் மலை. இங்கே படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தில் படம் பார்த்து பரீட்சை எழுதினால் போதாது. தாங்களே சட்டம் பூட்டி, பேட்டரி மாட்டி, பறக்கவிட வேண்டும். சமவெளி மைதானத்தில் ஒழுங்காகப் பறப்பது, மலை இடுக்குக் காற்றில் தடுமாறும். விழுந்து நொறுங்கும். மறுபடி செய்யணும். கரும்பலகையில் எழுதிப்போட்டு இதைச் சொல்லித்தர முடியாது.

டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டியை ரோப்வேயில் இறக்கிய மலை இது. ஆகாய வழி நமக்குப் புதுசா என்ன?

நொறுங்குகிற செலவுக்கு ஏழைப் பிள்ளை எங்கே போவான்? ஆளில்லா விமானத்துக்கென்றே 2022-ல் தமிழக அரசு தனிக் கழகம் தொடங்கியதே, அது கொடுக்கட்டும். மாசி, பங்குனியில் மலை காய்ந்துவிடும். அதற்குள் ஒரு பட்டறையாவது திறக்கணும்.