தடையாணையைக் கண்ணில் காட்டாத அரசு

1950 மார்ச் 1 அன்று சென்னை மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் வெளியிட்டு வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இடதுசாரி வார ஏடு மாநிலத்துக்குள் நுழையவோ விற்கப்படவோ கூடாது என்றது அந்த ஆணை. சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்று வாரங்கள்கூட நிறைவடையாத நேரம் அது. கொடிய அடக்குமுறைக் காலம்தான். ஆயினும் ஆணை அரசிதழில் அச்சாகியிருந்தது. அதை எதிர்த்துத் தாப்பர் நேரே உச்சநீதிமன்றத்தை அணுகினார். அவ்வாண்டு மே 26 அன்று அந்த ஆணை செல்லாது எனத் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே முதலாவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியாகப் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் பேச்சுரிமைக்கான வரம்புகளில் சேர்க்கப்பட்டது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அதுவும் நாடாளுமன்றத்தில் விவாதித்துச் செய்யப்பட்ட திருத்தமே.

இன்று சமூக வலைத்தளத்தில் ஒருவரின் பதிவு நீக்கப்பட்டால், எதிர்த்து வழக்காட அவர் கையில் ஆணையே இல்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, இணைய உள்ளடக்கத்தைத் தடுக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்சநீதிமன்றம், 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், குழு பரிசீலிக்க வேண்டும், பதிவை எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்ற காப்புகள் இருப்பதையே நீதிமன்றம் அதற்கு ஆதாரமாகக் கொண்டது. நடைமுறையிலோ, 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆவது விதி இந்த ஆணைகளை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. மறுஆய்வுக் குழுவில் இருப்போரும் அரசு அதிகாரிகளே.

இந்தக் குறைந்தபட்சக் காப்புகளும் மோடி அரசுக்குச் சுமையாகிவிட்டன. 2024 அக்டோபரில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் ‘சஹ்யோக்’ என்ற இணைய வாயிலைத் திறந்தது. சட்டத்தின் 79ஆவது பிரிவைக் காட்டி, ஒன்றிய, மாநில அரசுகளின் அதிகாரிகளும் காவல்துறையும் இதன் வழியே நிறுவனங்களுக்கு நீக்கல் அறிவிப்பு அனுப்பலாம். மறுக்கும் நிறுவனம், பயனர்களின் பதிவுகளுக்காகத் தன்மீது வழக்கு வராமல் காக்கும் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரும். இலாபத்துக்காகத் தொழில் நடத்தும் நிறுவனம் அந்த நிலையில் என்ன செய்யும்? பதிவை நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு குடிமக்களுக்கே உரியது, அயல்நாட்டு நிறுவனம் அதைக் கோர முடியாது என்றது தீர்ப்பு. நிறுவனம் மேல்முறையீடு செய்துள்ளது. எலான் மஸ்க்குக்காக வாதாடுவது நமது வேலை அன்று. ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்தே ஒரு கேள்வி எழுகிறது. பேச்சுரிமை குடிமக்களுக்கு உரியதெனில், பதிவை எழுதிய குடிமக்களுக்கு ஏன் அறிவிப்பு அனுப்பப்படுவதில்லை? அதிகாரி எழுதுகிறார், நிறுவனம் பணிகிறது. உரிமைக்கு உடையவருக்கு அங்கே இடமே இல்லை. 2025 அக்டோபரில் கொண்டுவந்த விதித்திருத்தம், இணைச் செயலர் போன்ற உயர்நிலை அதிகாரிகளே அறிவிப்பு அனுப்பலாம் என்று வரையறுத்தது. அனுப்புபவரின் பதவி உயர்ந்திருக்கிறதே தவிர, எழுதியவரைக் கேட்கும் கடமை சேர்க்கப்படவில்லை.

இந்த அதிகாரம் யார்மீது பாயும் என்பதை அறிய ஊகம் தேவையில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று, விவசாயிகள் தில்லி எல்லைகளில் போராடிக்கொண்டிருந்தபோது, கிசான் ஏக்தா மோர்ச்சா, ‘கேரவன்’ இதழ், இடதுசாரித் தலைவர் முகமது சலீம் ஆகியோரின் ட்விட்டர் கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நேரத்தில், பிரதமரை விலங்குடன் காட்டிய கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. ஒரு படத்துக்காக ஒரு முழுத் தளம்! சென்னை உயர்நீதிமன்றம் மார்ச் 6 அன்று தலையிட்ட பிறகே, அதுவும் அந்தப் படத்தை விலக்கிவைக்கும் நிபந்தனையுடன், முடக்கம் நீங்கியது.

அப்படியானால் வெறுப்புப் பிரச்சாரத்துக்கும் தடை கூடாதா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறுபான்மையினருக்கும் தலித்துகளுக்கும் எதிராக வன்முறையைத் தூண்டும் பதிவுகள் உயிரைப் பறிப்பவை. அவற்றைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டத்தில் பிரிவுகள் உள்ளன. குறை சட்டத்தில் இல்லை, அதைப் பயன்படுத்தும் மனத்தில் இருக்கிறது. ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்மீது தனது சொந்த வெறுப்புப்பேச்சு விதிகளைப் பயன்படுத்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் இந்திய உயர் அதிகாரி மறுத்ததை 2020 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளிக்கொணர்ந்தது. இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத கார்ப்பரேட் நிறுவனமும், விமர்சனத்தைப் பொறுக்காத அரசும் தங்களுக்குள் பேசி முடிப்பதே இங்கே ஒழுங்குமுறை என்ற பெயரில் நடக்கிறது. இருவரில் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைப்பது தீர்வாகாது.

அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்பதை அரசே தீர்மானிக்க வழிசெய்த 2023ஆம் ஆண்டு ‘உண்மை சரிபார்ப்புப் பிரிவு’ விதியைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. குணால் காம்ராவும் மற்றவர்களும் வழக்குத் தொடுக்க முடிந்ததற்குக் காரணம், அந்த விதி எழுத்தில் வெளியாகியிருந்ததுதான்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. நீக்கல் ஆணை ஒவ்வொன்றும் காரணத்துடன் எழுதியவருக்கு அனுப்பப்பட வேண்டும். பொதுவிலும் வெளியிடப்பட வேண்டும். இரகசியத்தை வலியுறுத்தும் 16ஆவது விதி நீக்கப்பட வேண்டும். அவசர நிலையில் உடனே தடுத்தாலும், குறித்த காலத்துக்குள் நீதித்துறையின் ஆய்வு நடைபெற வேண்டும். சஹ்யோக் ஏற்பாட்டை நாடாளுமன்றத்தில் விவாதிக்க வேண்டும். நிறுவனங்கள் தாமாக நீக்கும் பதிவுகளுக்கும் பயனரின் மொழியில் காரணம் கூறி, முறையீட்டுக்கு வழி தர வேண்டும்.

கட்சிக் கிளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. பதிவு மறைந்தால் சலிப்புடன் புதிய கணக்குத் தொடங்குவதோடு நின்றுவிடக் கூடாது. நாள், பதிவின் படி, நிறுவனம் அனுப்பிய செய்தி ஆகியவற்றைப் பாதுகாத்து, ஆணையின் நகலை எழுத்துமூலம் கேட்க வேண்டும். சரிபார்க்காத செய்தியைப் பகிர்ந்து அரசின் கையில் சாக்குக் கொடுக்காமலும் இருக்க வேண்டும். ‘கிராஸ் ரோட்ஸ்’ தடையை முறியடித்த வழக்கு, வெளியிடப்பட்ட ஓர் ஆணையிலிருந்து தொடங்கியது. அந்த ஆணையைக் கேட்டுப் பெறும் உரிமைக்காகவே இன்று நாம் போராட வேண்டியிருக்கிறது.