முகத்தைப் பார்க்கும் கருவியும் மூச்சைக் காக்கும் கருவியும்

மந்தைவெளியில் ராமகிருஷ்ண மடம் சாலையை மெட்ரோவின் தகரத் தடுப்புகள் ஆக்கிரமித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாம் கட்ட மெட்ரோவின் மாதவரம் - சிப்காட் வழித்தடம் இந்தச் சாலைக்கு அடியில்தான் போகிறது. பல அடி ஆழத்தில், ஒரு வீட்டைவிடப் பெரிய இயந்திரம் பாறையையும் களிமண்ணையும் குடைந்துகொண்டு போக, மேலே இருந்து பொறியாளர்கள் அதன் ஒவ்வொரு அசைவையும் திரையில் கண்காணித்தார்கள். மனிதர்கள் கடப்பாறையோடு இறங்கித் தோண்டட்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அதே சாலையில், அதைவிடக் குறைந்த ஆழத்தில், இன்னொரு குழாய் போகிறது. கழிவுநீர்க் குழாய். அது அடைத்துக்கொண்டால் மட்டும் நம் நகரங்களுக்கு மனிதனின் நினைவு வருகிறது. சுரங்கம் தோண்ட இயந்திரம், சாக்கடைக்கு மனிதன் என்ற இந்தப் பிரிவினையை எந்தப் பொறியியல் பாடநூலும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தந்த நூல் வேறு.

அரசு நிர்வாகத்தில் தொழில்நுட்பப் புதுமை, மாநகராட்சியின் டிஜிட்டல் தலைமை என்றெல்லாம் இன்று நிறையப் பேசுகிறார்கள். விருது வாங்குகிறார்கள், மாநாடு போடுகிறார்கள். அந்தப் பேச்சை நாம் ஒதுக்கித் தள்ளத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு புதிய கருவி வரும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது யாரைப் பார்க்கிறது, யாரைக் காக்கிறது?

சென்னை மாநகராட்சி, தூய்மைப் பணியாளர்களின் வருகையைப் பதிய முகத்தை அடையாளம் காணும் செயலியைக் கொண்டுவந்தது. காலையில் வேலையைத் தொடங்கும் முன் கைப்பேசியின் முன்னால் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். நாக்பூர், சண்டிகர் போன்ற நகரங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பணியாளர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கண்காணிக்கும் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கையில் கட்டிவிட்டன. சண்டிகரில் தொழிலாளர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள்.

ஒரு தெருவைப் பல ஆண்டுகள் பெருக்கியவரின் பெயர் அந்தத் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? காலையில் குப்பைக் கூடையை நீட்டும்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வீடுகள் எத்தனை? ஊர் பார்க்க மறுத்த முகத்தை ஒரு கருவி மட்டும் தவறாமல் பார்க்கிறது. அதுவும் அவர் வந்தாரா இல்லையா என்று சந்தேகப்படுவதற்காக.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். வேலைக்கு வராதவர் பெயரில் ஒப்பந்தக்காரர்கள் பணம் எடுக்கிறார்கள், போலிப் பெயர்களை ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். நியாயமான கவலைதான். அப்படித் திருட்டு நடந்தால் முதலில் பாதிக்கப்படுவதும் வேலை செய்கிற தொழிலாளர்தான். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கவலை உண்மையானால், கருவி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நான் இந்த மாதம் எத்தனை நாள் வேலை செய்தேன், எனக்கு வர வேண்டிய கூலி எவ்வளவு, பி.எஃப். பணத்தை நிறுவனம் கட்டியதா, இ.எஸ்.ஐ. அட்டை உயிரோடு இருக்கிறதா என்பதைத் தொழிலாளர் அதே செயலியில், தமிழில் பார்க்க முடிய வேண்டும். இதைச் செய்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. முகத்தைக் கணக்கிடத் தெரிந்த மென்பொருளுக்குக் கூலியைக் கணக்கிடுவது பெரிய வேலையா?

இனி மூச்சைக் காக்கும் கருவிக்கு வருவோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993இல் வந்தது. சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் இறக்குவதையும் சேர்த்துத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதையும் மலம் அள்ளுவதையும் நிறுத்த உத்தரவிட்டது. இத்தனைக்குப் பிறகும், 1993 முதலான சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் தமிழ்நாடுதான் முதலிடத்தில் நின்றது. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். சமூகநீதி மண் என்று நாம் பெருமையோடு சொல்லும் மண்ணின் கணக்கு இது.

இயந்திரம் இல்லாமலா இருந்தது? 2018இலேயே கேரளத்து இளைஞர்கள் சிலர் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ என்ற ரோபோ திருவனந்தபுரத்தின் சாக்கடைகளுக்குள் இறங்கிவிட்டது. மந்தைவெளியிலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரம் போனால் வருகிற சென்னை ஐ.ஐ.டி.யில், ‘ஹோமோசெப்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்காமலேயே அடியில் இறுகிக் கிடக்கும் கசடைச் சுழலும் அலகுகளால் கலக்கி, உறிஞ்சி எடுக்கிற கருவி. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பும் இதில் கைகோத்தது. 2022இல் அதன் முதல் இரண்டு கருவிகள் இரண்டு மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் தரப்பட்டன. அந்தக் குழுக்களுக்குத் தலைமை ஏற்ற இருவரும் தூய்மைப் பணியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள்.

இந்தக் கடைசித் தகவலில் கொஞ்சம் நிற்க வேண்டும். இயந்திரம் வந்தால் தீண்டாமை தானாகப் போய்விடாது. இயந்திரத்தை முதலாளி வாங்கி, தொழிலாளரைக் கூலிக்கு அதன் பின்னால் நிறுத்தினால், நேற்றுக் கையில் இருந்த மூங்கில் பிளாச்சின் இடத்தில் இன்று ஒரு குழாய் இருக்கும், அவ்வளவுதான். நாற்றம் அதே ஆளுக்கு, லாபம் அதே ஆளுக்கு. சாதிப் படிநிலை டீசலில் ஓடும். கணவரைக் கொன்ற வேலையைச் செய்யும் கருவிக்கு அந்தப் பெண்ணே பொறுப்பாளராகும்போதுதான் ஏதோ ஒன்று உண்மையிலேயே மாறுகிறது.

ஐதராபாத் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. 2017இல் அங்குள்ள குடிநீர் வாரியம், குறுகிய சந்துகளுக்குள் நுழையக்கூடிய எழுபது சிறிய அடைப்பு நீக்கும் வாகனங்களைத் தலித் தொழில்முனைவோர் வழியாக இயக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையும் அதே பாதையில் வந்தது. 2024 டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில், 213 தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கி, சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்ப் பராமரிப்பை ஏழாண்டு ஒப்பந்தத்தில் அவர்களிடம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நல்ல யோசனை. ஆனால் பயன் உண்மையிலேயே தூய்மைப் பணியாளர்களுக்குத்தான் போகிறதா, அவர்கள் பெயரில் வேறு யாராவது தொழில் நடத்துகிறார்களா என்ற புகார்கள் எழுந்தன; விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. புகாரின் உண்மை பொய்யை நீதிமன்றம் பார்க்கட்டும். நம் கவலை வேறு. வாகனப் பதிவுச் சான்றில் பெயர் இருந்தால் போதுமா? வண்டியின் சாவி, வங்கிக் கணக்கு, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தும் அவர் கையில் இருக்க வேண்டாமா? இந்தத் திட்டத்தை எதிரிகள் கேலி செய்யாமல் காப்பாற்ற ஒரே வழி, கணக்கு முழுவதையும் பொதுவில் வைப்பதுதான்.

அடுத்தது, இதையெல்லாம் முடிவு செய்கிற மேசை. சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. ஸ்மார்ட் சிட்டி திட்டங்கள் தனி நிறுவனத்தின் பெயரில் ஓடியது அந்தக் காலத்தில்தான். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உட்பட ஏழு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி, செயல்திறன் அளவீடுகளை வைத்துப் பணம் தரும் நவீன ஒப்பந்தமாகத் தனியாரிடம் போனதும் அந்தக் காலத்தில்தான், 2020இல். அளவீடுகளை எழுதியவர்கள் அதிகாரிகளும் ஆலோசகர்களும். அளக்கப்பட்டவர்கள் தொழிலாளர்கள். எதை அளக்க வேண்டும் என்று அவர்களைக் கேட்க ஒரு மன்றம்கூட அன்று இல்லை.

மந்தைவெளி என்ற பெயரிலேயே மந்தை மேய்ந்த வெளி இருக்கிறது. மந்தையைத் தலை எண்ணிப் பட்டியில் அடைப்பார்கள். மனிதர்களிடம் கலந்து பேச வேண்டும்.

2022 மார்ச்சில் இந்த நகரம் முதல் தலித் பெண் மேயரைப் பார்த்தது. 1937இல் ஜெ. சிவசண்முகம், 1945இல் என். சிவராஜ் என்று தலித் தலைவர்கள் அமர்ந்த அதே நாற்காலி. கொண்டாட வேண்டிய வரலாறு. ஆனால் நாற்காலியில் ஒருவர் அமர்வதும் ஒப்பந்தத்தின் வரிகளை நம் மக்கள் எழுதுவதும் ஒன்றல்ல என்பதை 2025 ஆகஸ்டு காட்டியது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய தங்களுக்குத் தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கில் குறையும் என்றார்கள். பதிமூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நகரின் கேமராக்களை எல்லாம் ஒரே திரையில் காட்டும் கட்டுப்பாட்டு மையம் இருப்பதும் அதே வளாகத்தில்தான். நகரம் முழுவதையும் பார்க்கத் தெரிந்த மாளிகைக்கு, தன் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கப் பதிமூன்று நாள் போதவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இயந்திரங்களின் எதிரி அல்ல. காந்தியார் இயந்திர நாகரிகத்தை மறுத்தபோது, உழைக்கும் மக்களுக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க இயந்திரம் வேண்டும் என்று வாதிட்டவர் அவர். ‘இனி வரும் உலகம்’ எழுதிய பெரியாரும் அறிவியல், மனிதரின் உடல்வருத்தத்தைக் குறைக்கும் என்று நம்பினார். தொழில்நுட்பத்தைக் கண்டு பயப்படுகிற மரபு நம்முடையது அல்ல. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. இந்த எண்ணைக் குறைக்காத எந்தப் புதுமையையும் புதுமை என்று ஏற்க நமக்குக் கடமை இல்லை.

இதைப் படிக்கிற தோழர்களில் பலர் மென்பொருள் எழுதுகிறவர்கள், எழுதப் போகிறவர்கள். நாளை உங்கள் மேசைக்கே ஒரு மாநகராட்சியின் வருகைப் பதிவுச் செயலி வேலையாக வரலாம். அப்போது தொழிலாளருக்கு என்று ஒரு திரை அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடியுங்கள்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2022இல் வந்த விதிகளின்படி நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உண்டு. கிராம சபைபோல நகரத்துக்கு வந்த ஏற்பாடு. உங்கள் பகுதியில் சபை கூடும்போது போய் உட்காருங்கள். குண்டும் குழியும் தெருவிளக்கும் பேசி முடிந்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். நம் வார்டில் கடைசியாகச் சாக்கடைக்குள் மனிதர் இறங்கியது எப்போது, இறக்கியது யார்? இங்கே வரும் அடைப்பு நீக்கும் வாகனத்தின் உரிமையாளர் யார்? நம் தெருவைப் பெருக்குகிற அக்காவுக்குப் போன மாதம் கூலி முழுதாகப் போய்ச் சேர்ந்ததா?

பதில் இல்லை என்றால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். அந்த அக்காவையும் கூட அழைத்துப் போங்கள். பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, முதல் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.