அருவி நீரும் ஆற்றுப்படுத்துதலும்

ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று திரிகூடமலையைத் தழுவும்போது குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலைகொடுத்து நிற்க மக்கள் திரண்டு வருகின்றனர். சித்தம் கலங்கியவரை அந்நீரில் நாள்தோறும் நீராட்டினால் தெளிவு பிறக்கும் என்பது நம் வட்டாரத்தின் பழைய நம்பிக்கை. அருவி உடற்களைப்பைப் போக்கும், மனத்திற்கு இதம் தரும், ஆனால் நோயைத் தீர்க்காது. இதனை இன்று நம்மில் பலரும் ஒப்புக்கொள்வர். ஆயினும், அருவியை விட்டுவிட்ட நம் குடும்பங்கள் அதே எதிர்பார்ப்பைத் திருத்தலங்களின் மீதும் குணமளிக்கும் கூட்டங்களின் மீதும் ஏற்றி வைத்திருக்கின்றனவே! இது விசுவாசமா, அன்றி விசுவாசத்தின் போர்வையில் நாம் மருத்துவருக்கு அஞ்சி ஒளிகின்றோமா?

இவ்வச்சத்தின் விலை சிறிதன்று. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் பற்றிய தீ, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர்களைப் பலிகொண்டது. எழுந்து ஓட அவர்களால் இயலவில்லை. அது பிற சமயத்தாரின் இடம் என்று நாம் விலகி நிற்க முடியாது. புளியம்பட்டி புனித அந்தோனியாரின் திருத்தலத்திற்கும் குடும்பத்தார் மனநோயாளர்களை அழைத்து வந்து பல நாள் தங்கவைப்பதை நாம் அறிவோம். செபத்தை நாம் குறைகூறவில்லை. மருந்துக்குப் பதிலாகச் செபத்தை நிறுத்துவதையே எதிர்க்கின்றோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை அடியோடு தடைசெய்துள்ளது. சட்டம் வருமுன்னரே அதனை நற்செய்தி நமக்குக் கற்பித்திருக்க வேண்டாமா?

“விசுவாசம் உள்ளவனுக்கு மனநோய் வராது” என்போர் நம்மிடையே உள்ளனர். அவ்வாறாயின், விசுவாசம் உள்ளவனுக்கு நீரிழிவு மட்டும் ஏன் வருகிறது? மருத்துவரை ஆண்டவரே ஏற்படுத்தினார் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தில் படிக்கின்றோம். மேய்ப்புப் பணியில் இறையியலோடு உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே, ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் பணித்தது. பேயோட்டும் சடங்கைப் பற்றிப் பேசும் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அதன் 1673-ஆம் எண்ணில், உளநோய் முற்றிலும் வேறானது, அதற்கு மருத்துவமே வழி என்று தெளிவுறுத்துகிறது. திருத்தந்தை பிரான்சிசு தம் 42-ஆம் வயதில், யூதரான பெண் உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடம் ஆறு மாதம் வாரந்தோறும் சென்றதை, 2017-இல் வெளிவந்த நேர்காணல் நூலில் தாமே வெளிப்படுத்தினார். திருத்தந்தைக்கு இழுக்கு ஆகாதது தென்காசிக் குடும்பத்திற்கு மட்டும் இழுக்கு ஆகுமோ?

“பாவசங்கீர்த்தனம் போதாதா?” எனக் கேட்போருக்கு ஒரு சொல். ஒப்புரவு அருட்சாதனம் பாவத்தை மன்னிக்கிறது. அச்சமும் துயரும் உறக்கமின்மையும் பாவங்கள் அல்ல, காயங்கள். காயத்தைப் பாவமெனக் கூறி, அதற்குப் பரிகாரச் செபம் கொடுத்தனுப்பும் குரு, இரு பணிகளுக்குமே தீங்கு செய்கிறார்.

எவ்வாறு தொடங்குவது? தற்கொலை எண்ணம், இல்லாத குரல்கள் கேட்டல், பல நாள் உறக்கமின்மை ஆகியவை இருப்பின், முதலில் மனநல மருத்துவரிடமே செல்ல வேண்டும். மருந்து தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். மற்றபடி, மருத்துவ உளவியலாளர் ஒருவரை நாடலாம். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பது நம் உரிமை. முதற் சந்திப்பில் மந்திரமோ மயக்கமோ இல்லை. என்ன துன்பம், எப்போது முதல், எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்பனவே கேள்விகள். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேர அளவில் உரையாடல் நடக்கும். ஓரிரு சந்திப்பில் பலன் தெரியவில்லை என்று கைவிடலாகாது. நம்பிக்கை பிறக்கவில்லையெனில் வேறொருவரிடம் மாறிச் செல்வதும் தவறன்று. பேசியவற்றை மறைவாகக் காக்க அவர் கடமைப்பட்டவர். பணமில்லை என்போர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் உழைக்கும் நம் பிள்ளைகளை மறந்துவிடுகின்றோம். மாதந்தோறும் அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணுகின்ற நாம், தொலைபேசியில் அவர்களது குரல் தளர்வதைக் கேட்பதில்லை. “எல்லாம் நலமே” என்று சொல்லும்படி நாமே அவர்களைப் பழக்கியிருக்கின்றோம். அயல்மொழியில் வேலை பார்க்கலாம், ஆனால் அழுவதற்குத் தாய்மொழி வேண்டும். தமிழறிந்த உளவியலாளரிடம் காணொலி வழியே பேச இன்று வாய்ப்புண்டு. ஆயினும் மூன்றை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொழில் உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தாம் வாழும் நாட்டில் உள்ளவருக்கு அவர் சிகிச்சை தரலாமா? நெருக்கடி நேர்ந்தால் அருகில் ஓடிவரக்கூடியவர் யார்? பலர் கூடித் தங்கும் அறையில், தனிமையில் பேச இடமுண்டா? இவற்றைக் கேட்டறிந்தபின் தயங்காமல் தொடங்கலாம்.

“வெளியே தெரிந்தால் பெண் கொடுப்பார்களா?” என்பது இறுதித் தடை. வெளியே தெரியாமல் காக்கப்பட்ட நோய் திருமணத்திற்குப் பின் இரு குடும்பங்களையும் சிதைப்பதைப் பங்குத்தந்தையர் நாம் கண்டு வருகின்றோம். மறைத்து மணம் முடிப்போர், மணமகளுக்கு இழைப்பது அநீதியே.

ஆகவே நம் பங்குகளிடம் நாம் கேட்பது மிகுதியன்று. நோயாளருக்கான மன்றாட்டில் மனநோயாளரையும் சேர்த்துச் சொல்லுங்கள். குணமளிக்கும் கூட்டத்தில் எவரேனும் “மாத்திரையை நிறுத்து” என்று சொன்னால், அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள். அடுத்த ஞாயிறன்று, திருமண அறிவிப்புகள் தொங்கும் அதே பலகையில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள்.