டிரெய்லர் பின்விளக்கு எரியலையா? முதல்ல எர்த்தைப் பாருங்க!

கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் இரவில் பின்விளக்கு இல்லாமல் போனால், பின்னால் பைக்கில் வருபவருக்கு அது உயிர்ப் பிரச்னை. 'பல்பு போச்சு' என்று சொல்லிவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். பல நேரங்களில் பல்பு நன்றாகத்தான் இருக்கும். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் 7 பின் சாக்கெட்டிலோ ஒயரிலோதான் கோளாறு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறதா? எர்த் சரியில்லை. திரும்ப வழியில்லாத கரண்ட் மற்ற பல்புகள் வழியாகப் பாய்கிறது. எர்த் ஒயர் இரும்பைத் தொடும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? பல்பு, ஹோல்டர், அதற்கான பின் மூன்றையும் பாருங்கள்.

எதுவுமே எரியவில்லையா? பியூஸைப் பார்த்துவிட்டு, டிராக்டர் பக்க சாக்கெட்டில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். அங்கே எரிந்தால், கோளாறு டிரெய்லர் பக்கம். அங்கும் முதலில் எர்த்தான்.

புது பியூஸும் போகிறதா? எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது. பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஒளிரும் ஸ்டிக்கர் அவசியம்தான். ஆனால், பிரேக் போட்டதை அது சொல்லாது. ஆலையில் எடை போடும்போதே விளக்கையும் சோதித்தால், காலி டிரெய்லர் இருட்டில் ஊர் திரும்பும் வழியாவது பத்திரமாகும்.