பேரப்பிள்ளை பார்க்கப் பணமா?

"பாசத்துக்கு விலை பேசுவதா?" என்று நம்மவர் முகம் சுளிப்பர். ஊரில் பெரியம்மா, சித்தி, அயலார் எனப் பல கைகள் குழந்தையைத் தாங்கின. இலண்டன் வீட்டிலோ அம்மம்மாவின் இரண்டு கைகளே உள்ளன. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை பிள்ளை பார்ப்பது முழுநாள் வேலை. முழங்கால் வாதத்துடன் குழந்தையைத் தூக்கிப் படியேறுகிறார். பிள்ளையை விட்டுப் போகமுடியாமல் தமது நீரிழிவுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். அர்ச்சனைச் சீட்டுக்கோ மகளிடம் கைநீட்ட வேண்டியிருக்கிறது.

பிரித்தானிய அரசு இதனை உழைப்பாகவே மதிக்கிறது. ஓய்வூதிய வயதை எட்டாத பாட்டன் பாட்டிமார், 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பராமரித்தால், 2011 ஏப்ரல் முதல் நஷனல் இன்சூரன்ஸ் வரவு பெற வழியுண்டு. சைல்ட் பெனிபிட்டுக்கு விண்ணப்பித்த பெற்றோர், அவ்வரவு தமக்குத் தேவைப்படாவிடில், சம்மதித்துக் கையொப்பமிட வேண்டும். பிற்காலத்தில் அது அவர்களின் ஓய்வூதியத்துக்கு உதவும்.

சம்பளம் என்று சொல்லக் கூசினால் கைச்செலவு எனலாம். மாதந்தோறும் ஒரு தொகை, கேளாமலே, அவர்களுடைய சொந்தக் கணக்கில் சேரட்டும். வாரத்தில் ஒருநாள் ஓய்வும், வைத்தியரிடம் செல்ல நேரமும் கிடைக்கட்டும். அவர்கள் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். பிள்ளைகள்தாம் உணர்ந்து கொடுக்கவேண்டும்.